இரண்டாவது இழுப்பு

மனிதன் குதிரையின் மேல் ஏறியது பெரிய சாதனை என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. ஏறுவதற்கு யார் வேண்டுமானாலும் ஏறிவிடலாம், குரங்கும் ஏறும். ஏறுவதற்கு முன்னால் குளிர்சாதன அறையில் மெத்தென்ற நாற்காலியில் சாய்ந்து, ஏறப்போவதை நினைத்தால் தனக்கு எப்படி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டானே, அன்றுதான் நாகரிகம் முழுமை பெற்றது. அந்தப் பெருமை எங்கள் குதிரையேற்றக் கழகத்தைச் சேரும். அதன் கௌரவச் செயலாளர் என்ற முறையில், எங்கள் அச்ச நிவர்த்திப் பிரிவின் முதலாண்டுச் சாதனைகளைப் பொதுமக்கள் முன் பணிவுடன் வைக்கிறேன்.

"கௌரவ" என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம். பகலில் எனக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அதாவது, பகலில் பயத்தை விற்கிறேன். மாலையில் அதை ஒழிக்கிறேன். இரண்டையும் ஒரே சட்டையோடு செய்வதால் துவைக்கிற வேலை மிச்சம்.

எங்கள் கழகம் நகரத்தின் ஓரத்தில், லாரிகள் திரும்புகிற வளைவுக்குப் பின்னால் இருக்கிறது. மணல் கொட்டிய திடல், தகரக் கூரை போட்ட லாயம், லாயத்தை ஒட்டி அலுவலகம். அலுவலக ஜன்னலைத் திறந்தால் குதிரை தலையை உள்ளே நீட்டும், மூடினால் புழுக்கம். எது தேவலை என்று நிர்வாகக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

எங்கள் தலைவர் குளியலறைச் சாமான்கள் விற்பவர். நகரத்தில் யார் குழாயைத் திறந்தாலும் அதில் அவர் பங்கு கொஞ்சம் ஒழுகும். குழுவில் இன்னும் இருவர்: ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி மேலாளர். டாக்டர் ஒருமுறை திடலில் விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முழங்கால் வரை பூட்ஸ், தொப்பி, கையுறை சகிதம் வருவார், குதிரையின் கழுத்தைத் தட்டுவார், படம் எடுத்துக்கொள்வார், வீட்டுக்குப் போய்விடுவார். இந்த முறையில் மணல் ஒட்டாது என்பதைக் கவனித்த மேலாளரும் இதையே கடைப்பிடித்தார். விரைவில் உறுப்பினர்கள் அனைவரும் தட்டிவிட்டுப் போகிறவர்கள் ஆனார்கள். குதிரைகளுக்குத் தொந்தி போட்டது.

"குதிரைங்க தின்னுட்டு நிக்குது. ஆளுங்க நின்னுட்டுப் போறாங்க. இது கழகமா, கண்காட்சியா?" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

அவர்தான் நிபுணரைக் கண்டுபிடித்து வந்தார். விமானத்தில் பக்கத்து இருக்கை. விமானம் குலுங்கு குலுங்கென்று குலுங்கி, எல்லோரும் தங்கள் தங்கள் தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் ஒருவர் மட்டும் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். தூக்க மாத்திரை போட்டிருந்தார் என்று பிறகு தெரியவந்தது. அது அவருடைய தனிப்பட்ட விஷயம்.

நிபுணரின் குரல் மிகவும் மென்மையானது. அவர் பேசுவது கேட்க வேண்டும் என்றால் நாம் முன்னால் குனிய வேண்டும். குனிந்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்பதால் சிகிச்சையின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

வைக்கோல் அறையைக் காலி செய்து, வான நீலம் அடித்து, அவருக்குக் கொடுத்தோம். வைக்கோல் வெளியே போய் மழையில் நனைந்தது. அறையின் நடுவே ஒரு மரப்பீப்பாயைக் கிடத்தி, அதன்மேல் சேணம் போட்டு, அதற்கு "மாதிரிக் குதிரை" என்று பெயர் வைத்தார் நிபுணர்.

"நீங்க குதிரை ஏறுவீங்களா சார்?" என்று நான் மரியாதைக்குக் கேட்டேன்.

"எனக்குப் பயமில்லையே. அப்புறம் எதுக்கு ஏறிக் காட்டணும்?" என்றார்.

இந்தப் பதிலில் இருந்த ஆழத்தைக் கண்டு அன்றே நான் அவருடைய ரசிகனாகிவிட்டேன்.

சிகிச்சை தொடங்கியது. வங்கி மேலாளரின் முதல் அமர்வில், குறிப்பெடுப்பதற்காக நானும் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க பயத்துக்கு ஒரு பேர் வைங்க" என்றார் நிபுணர்.

மேலாளர் யோசித்து, தன் மண்டல மேலாளரின் பெயரை வைத்தார்.

"அது இப்ப உங்க எதிர்ல வந்து நிக்குது. அதுகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

மேலாளர் சட்டென்று எழுந்து நின்றார். "குட் மார்னிங் சார்."

"உக்காந்துட்டே சொல்லுங்க."

"அவர் நிக்கும்போது எப்படி சார் உக்கார்றது?"

இதிலிருந்து தொடங்கி, சில மாதங்களில் மேலாளர் பீப்பாயின் மேல் ஏறினார். பிறகு டாக்டர் ஏறினார். பீப்பாய் அசையாமல் ஒத்துழைத்தது. ஒருநாள் இருவரும் நிஜக் குதிரையின் மேலேயே ஏறி, திடலைச் சுற்றி வந்தார்கள். கைதட்டல் லாரிச் சத்தத்தையும் மீறியது. டாக்டர் கண் கலங்கினார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, சிகிச்சை பலித்தது. அதற்குப் பிறகுதான் நிபுணர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே என் அக்கா இருந்தாள்.

அக்கா எங்கள் கழகத்தின் பயிற்சியாளர். நான் செயலாளர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால், உறவுக்காரிக்கு வேலை கொடுத்தேன் என்று யாரும் என்மேல் பழி போட முடியாது. வேலையை விட்டு எடுத்தேன் என்றுதான் போட முடியும். அதற்குப் பிறகு வருகிறேன். அவள் தனி ஆள். லாயத்துக்குப் பின்னால் உள்ள ஓர் அறைதான் வீடு. கழகம் கொடுத்தது. வேலை இருக்கிறவரை அறை இருக்கும். அவளுடைய வாய் மட்டும் கழகத்துக்குக் கட்டுப்படாது.

இங்கே குதிரையைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். சேணத்தைக் குதிரையின் முதுகில் வைத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு வாரால் இழுத்துக் கட்டுவார்கள். வாரை இழுக்கும்போது பல குதிரைகள் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். நாம் இறுக்கமாகக் கட்டிவிட்டதாக நினைப்போம். கொஞ்சம் நடந்ததும் அது மூச்சை விடும். வார் தொளதொளவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் மேலே யாராவது இருந்தால், சேணம் ஆளோடு சேர்ந்து பக்கவாட்டில் இறங்கி வயிற்றுக்குக் கீழே போய்விடும். எங்கள் லாயத்தில் ஒரு வெள்ளைக் குதிரை இந்தக் கலையில் பெரிய வித்வான். அது மூச்சு விடும் சத்தம் அலுவலகம் வரை கேட்கும் என்பதால் அதற்குப் பெருமூச்சு என்றே பெயர்.

ஆகவே அக்கா வாரை இழுத்துக் கட்டுவாள். குதிரையைக் கொஞ்ச தூரம் நடத்துவாள். மறுபடி வாரை இழுப்பாள். அதற்குப் பிறகுதான் ஏறுவாள். எல்லோருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தாள். எனக்கும் கூட.

"அந்தம்மா என்ன பண்றாங்க?" என்றார் நிபுணர்.

"எங்க அக்கா சார். வாரை இழுக்கறாங்க."

"இப்பதானே இழுத்தாங்க?"

"ஆமா சார். இது ரெண்டாவது இழுப்பு."

"மூணாவது உண்டா?"

"சில குதிரைக்கு உண்டு."

நிபுணர் கண்ணை மூடித் திறந்தார். "எவ்வளவு நாளா இருக்கு?"

"எது சார்?"

"இது."

பெருமூச்சைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும், அந்தத் திடலில் ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் நிபுணர் ஒருவர் முடிவுக்கு வந்துகொண்டிருக்கும்போது தகவலைச் சொல்லிக் குறுக்கிடுவது எங்கள் கழகத்தின் பண்பாடு அல்ல.

"வீட்டைப் பூட்டிட்டுப் பாதி வழியில திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்கறவங்க இருக்காங்க இல்லையா? அதேதான். அவங்க வாரை இழுக்கலை, பயத்தைத்தான் இழுக்கறாங்க. அதைப் பிள்ளைங்களுக்கும் கத்துக்குடுக்கறாங்க" என்றார்.

அன்று காலைதான் நான் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. ஜன்னல் மூடப்பட்டது.

"பிசினஸ்காரனா ஒண்ணு சொல்றேன்" என்றார் தலைவர். "என் ஷோரூம்ல ஒரு குழாயை மூடிட்டு, சொட்டுதான்னு மறுபடி குனிஞ்சு பார்த்தேன்னு வைங்க. வந்த ஆள் வாங்குவானா? ஓடிடுவான். புது மெம்பருங்க முன்னாடி ரெண்டாவது தடவை இழுத்தா என்ன அர்த்தம்? முதல் இழுப்பு சரியில்லைன்னு நாமளே சொல்றதா அர்த்தம்."

டாக்டர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "ஆனா குதிரை மூச்சைப் பிடிச்சுக்கும்னு..."

"டாக்டர், நீங்க பல்லைப் புடுங்கினப்புறம் மறுபடி புடுங்குவீங்களா?"

டாக்டர் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறியது. "வாரை ஒருமுறை இழுப்பது தன்னம்பிக்கை, மறுமுறை இழுப்பது நோய்க்குறி. நோய்க்குறி தென்படும் பயிற்சியாளர் ஆண்டு விழாவுக்குள் அச்ச நிவர்த்திச் சான்று பெறத் தவறினால் பணியிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் விடுவிக்கப்படுவார்." வாசகம் என்னுடையது. "விடுவிக்கப்படுவார்" என்ற சொல்லில் ஒரு சுதந்திர வாடை வீசுவதாக மேலாளர் பாராட்டினார்.

அக்காவிடம் தெரிவிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. அவள் குதிரையின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக் கல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டேய், உனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தப்போ பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டே தெரு முழுக்க ஓடினேனே. அதுவும் நோயா?"

"அது தீர்மானத்துல வரலக்கா."

"அப்ப ஒண்ணு பண்ணு. குதிரைகிட்டயும் ஒரு தீர்மானம் போட்டுடு, மூச்சை அடக்கக் கூடாதுன்னு. கையெழுத்துக்குப் பதிலா குளம்பை வெச்சுக்கோ."

"அக்கா, சும்மா ஒரு சான்றுக்கா. போய் உக்காரு. கேக்கறதுக்கு ஆமான்னு சொல்லு. வந்துடு."

குளம்பைக் கீழே விட்டு நிமிர்ந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "வாங்கலைன்னா?"

நான் லாயத்தின் கூரையைப் பார்த்தேன். தகரம் நல்ல நிலையில் இருந்தது.

அவள் போனாள். வேறு வழி இல்லை. அந்த அறையை விட்டால் அவளுக்கு இடமும் இல்லை. நீல அறையின் மெத்து நாற்காலி அவளை விழுங்கியது. முழங்கால் முகத்துக்கு நேராக வந்தது.

"எதுக்கும்மா பயப்படறீங்க?" என்றார் நிபுணர்.

"விழுந்துடுவாங்களேன்னு."

"விழுந்தா?"

"அடிபடும்."

"அடிபட்டா?"

"வலிக்கும்."

"அதுக்கும் அடியில என்ன இருக்கு? இன்னும் கொஞ்சம் ஆழமாப் போங்க."

"அடியில மணல்தான் சார் இருக்கு."

நிபுணர் இதை "எதிர்ப்பு" என்று குறித்துக்கொண்டார். "கண்ணை மூடுங்க. ஒரு குதிரை தெரியுதா?"

"தெரியுது."

"என்ன பண்ணுது?"

"மூச்சைப் பிடிச்சுட்டு நிக்குது."

நிபுணர் பெருமூச்சு விட்டார். வேறு பக்கத்திலிருந்து வந்தார். "சின்ன வயசுல உங்களை யாராவது கைவிட்டாங்களா? கூடப் பிறந்தவங்க?"

அக்கா கண்ணைத் திறந்து, மூலையில் எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். "இதுவரைக்கும் இல்ல சார்" என்றாள்.

பல அமர்வுகளுக்குப் பிறகு அவளுடைய கை முதுகுக்குப் பின்னாலேயே நிற்கப் பழகியது. நிபுணர் அவளுக்கு நிபந்தனைச் சான்று கொடுத்தார். நிபந்தனை எளிமையானது: ஆண்டு விழா அணிவகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், அவள் ஒரே ஒரு இழுப்போடு நிறுத்திக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம்.

அணிவகுப்பில் தலைவர், டாக்டர், மேலாளர், அக்கா ஆகியோருடன் என் மகளும் கலந்துகொள்ள வேண்டும் என்று தலைவர் விரும்பினார். அவள் ஆறாவது படிக்கிறாள். அத்தையிடம் கற்றுக்கொண்டு நன்றாகவே ஓட்டுவாள். உயரமான வெள்ளைக் குதிரையின் மேல் சின்னப் பெண் உட்கார்ந்தால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பது தலைவரின் கலையுள்ளம். உயரமான வெள்ளைக் குதிரை எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. பெருமூச்சு.

செயலாளர் என்ற முறையில் நான் பெருமைப்பட்டேன். தகப்பன் என்ற முறையில் பயப்பட்டேன். ஒரே ஆள் இரண்டு பதவிகளை வகிப்பதில் இப்படிச் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. அவற்றை நான் நிர்வாகத் திறமையோடு கையாண்டேன். விழாவன்று காலையில் லாயத்துக்குப் பின்னால் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். அவள் பெருமூச்சின் வாரை முதல் முறை கட்டி முடித்திருந்தாள்.

"அக்கா, பாப்பாவோடத மட்டும்..."

"மட்டும்?"

"கொஞ்சம் பாத்துக்கோ."

"பாக்கறதுன்னா? கண்ணாலயா, கையாலயா?"

"யாருக்கும் தெரியாம..."

"ரெண்டாவது இழுப்பா?"

"நான் அப்படிச் சொல்லலையே. செயலாளரா நான் எதுவுமே சொல்லல."

"அப்ப யாரா சொல்ற?"

"தம்பியா."

"சரிடா தம்பி. என் வேலை?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"கண்ணாலயா, கையாலயா?" என்றாள். பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது.

விழா பிரமாதம். சிறப்பு விருந்தினராக வங்கி மேலாளரின் மண்டல மேலாளரே வந்திருந்தார். தன் பெயரை ஒரு பயத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. குதிரைகள் லாயத்திலிருந்து நடந்து வந்து மேடைக்கு முன்னால் வரிசையாக நின்றன. அக்காவைத் தவிர எல்லோரும் ஏறினார்கள். டாக்டரின் முகத்தில் அப்படி ஓர் ஒளி. பயம் போன முகம் எவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் அன்றுதான் கண்டேன்.

அக்கா வரிசைக்கு முன்னால் நின்றாள். கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேடையில் நிபுணர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெருமூச்சு அப்போதுதான் தன் பெயரைக் காப்பாற்றியது. நீளமாக, சொகுசாக, ஒரு மூச்சு விட்டது. யாருக்கும் தெரியாமல் செய்ய அங்கே இடமே இல்லை. கழகம் முழுவதும் எதிரே உட்கார்ந்திருந்தது.

அக்காவின் கை முன்னால் வந்தது. நேரே நடந்து போய், பாப்பாவின் காலைத் தூக்கி முன்னால் வைத்து, வாரை இழுத்தாள். இரண்டு துளை இறுகியது. கூட்டத்தில் "ஐயோ" என்று ஒரு குரல் கேட்டது. நிபுணர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு விட்டாளா? பக்கத்தில் டாக்டரின் குதிரையிடம் போனாள்.

"காலைத் தூக்குங்க டாக்டர், ஒரு நிமிஷம்."

டாக்டர் காலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார். "வேண்டாம்மா. எனக்கு இப்ப பயமில்ல."

"பயத்துக்கு இல்ல டாக்டர். வார் லூசா இருக்கு."

"தீர்மானம்!" என்று தலைவர் குதிரை மேலிருந்தே உறுமினார். மேலாளர் அவளைப் பார்க்கவே இல்லை. மண்டல மேலாளரைப் பார்த்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா திரும்பிப் போய்த் தன் குதிரையின் வாரை இழுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

நிபுணர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் பேசுவது குனியாமலே எல்லோருக்கும் கேட்டது அன்று ஒருநாள்தான். "ஆழமா மூச்சை இழுங்க... அடக்குங்க... இப்ப எல்லாத்தையும் விட்டுடுங்க."

மனிதர்கள் விட்டார்கள். அதுவரை விடாமல் வைத்திருந்த குதிரைகளும் விட்டன. அணிவகுப்பு புறப்பட்டது.

முதல் திருப்பத்தில் தலைவர் சாய்ந்தார். அவசரமே இல்லாமல், மரை கழன்ற குழாய் போல, சேணத்தோடு ஒரு பக்கமாகத் திரும்பி இறங்கினார். அடுத்து டாக்டர். மேலாளர் சரியாக மேடைக்கு நேர் எதிரே, தலை கீழாகவும் கால் மேலாகவும் ஆகிக்கொண்டிருக்கும்போதே "குட் மார்னிங் சார்" என்று சொல்லி முடித்துவிட்டு விழுந்தார். தலைவருக்குக் காறை எலும்பு, மேலாளருக்கு முன்பல். டாக்டர் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து போய் மேலாளரின் வாயைத் திறந்து பார்த்தார். தொழில் பக்தி என்றால் அதுதான்.

பாப்பாவும் அக்காவும் மட்டும் திடலைச் சுற்றி முடித்து, வந்து நின்றார்கள். கைதட்ட ஆள் இல்லை, எல்லோரும் விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நிபுணர் தளரவில்லை. "கவனிச்சீங்களா? ஒருத்தராவது கத்தினாங்களா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார். உண்மைதான். ஒருவரும் கத்தவில்லை. பயம் இருந்தால் அல்லவா கத்துவதற்கு? சேணம் சரிகிறது என்று உடம்பு சொன்னபோதுகூட அதை நம்பாமல் அமைதியாக விழுந்தார்கள். உலகில் வேறு எந்தக் கழகத்திலும் இவ்வளவு கட்டுப்பாடான விழுதல் நடந்ததாக நான் படித்ததில்லை.

விசாரணை தலைவரின் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நடந்தது. தோளில் கட்டு. பக்கத்தில் பஞ்சைக் கடித்தபடி மேலாளர். அக்கா கால்மாட்டில் நின்றாள்.

நிபுணர் விளக்கினார். எல்லோரும் குனிந்தோம். "ஒருத்தர் பயந்தா அது வரிசை முழுக்கப் பரவும். இவங்க இழுத்ததைப் பார்த்து மத்தவங்க ஆழ்மனசுல ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தோட கனம்தான் சேணத்தைச் சாய்ச்சுது."

"என்னோடது வலது பக்கம் சாஞ்சுது" என்றார் டாக்டர், நம்பிக்கையோடு.

"அது வலது பக்கச் சந்தேகம்."

தலைவர் நல்ல கையால் அக்காவைக் காட்டினார். "விழுந்தவங்க எல்லாரும் பயமில்லாம விழுந்தோம். நீங்க ரெண்டு பேர்தான் பயத்தைப் பிடிச்சுக்கிட்டு மேலயே இருந்தீங்க. சின்னப் பொண்ணு, விடுங்க. நீங்க? யார் சொல்லி இழுத்தீங்க?"

அறையில் மருந்து வாடை. யாரோ ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மூடினாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது நன்றாகத்தான் மூடியிருந்தது. இருந்தாலும் மறுபடி திருகினேன்.

"யாரும் சொல்லல" என்றாள் அக்கா. "என் கை சும்மா இருக்காது."

அக்கா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை "ஒப்புதல் வாக்குமூலம்" என்று பதிவு செய்தேன். அவள் பணியிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் விடுவிக்கப்பட்டாள். விழுந்த மூவருக்கும் முழுச் சான்று வழங்கப்பட்டது.

அன்று சாப்பிடும்போது பாப்பா கேட்டாள். "அப்பா, நீங்கதானே அத்தைகிட்ட இழுக்கச் சொன்னீங்க?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் குதிரைக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்."

"அது குடும்ப விஷயம் கண்ணு. இது கழக விஷயம்."

"நான் விழுந்திருந்தா எந்த விஷயம்?"

ஆறாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. பாப்பா மறுநாளிலிருந்து கழகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது அக்கா, மூடிப்போன ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். வயதான குதிரைகள் இரண்டு. சாக்குப் படுதா போட்ட ஓர் அறை. பெயர்ப் பலகைகூட இல்லை. அங்கே பாப்பாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய் விடுகிறேன். பதவியின் மரியாதையை உத்தேசித்து வண்டியைத் தொழிற்சாலைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்துவேன்.

போன ஞாயிறு அங்கே நிறுத்த இடம் இல்லை. டாக்டரின் வண்டி நின்றது. அவர் மகன் ஏறுவதற்குக் காத்திருந்தான். மேலாளர் புதுப் பல்லோடு தன் பெண்ணின் தொப்பிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். தலைவர் தோள் கட்டோடு பேரனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கண்ணியமானவர்கள் இப்படிப்பட்ட நேரங்களில் வானத்தைப் பார்ப்பார்கள். வானம் தெளிவாக இருந்தது.

அப்போது ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து நிபுணர் வந்தார். கையில் அவருடைய சின்ன மகள். அவளைச் சேணத்தில் தூக்கி உட்கார வைத்துவிட்டு, அக்காவிடம் போய் எதையோ சொன்னார்.

"என்ன சார்?" என்றாள் அக்கா.

மறுபடி சொன்னார்.

"கேக்கல சார். சத்தமா சொல்லுங்க."

அக்கா குனியவில்லை. நிபுணர் எங்களைப் பார்த்தார். குதிரை மேல் இருந்த மகளைப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்:

"ரெண்டாவது தடவை இழுத்தாச்சான்னு கேட்டேன்!"

"ஆச்சு சார்" என்றாள் அக்கா. "மூணாவதும்."

நிர்வாகக் குழு முழுமையாக அங்கே இருந்ததால், சுவரோரமாக அப்போதே ஒரு கூட்டத்தை நடத்தி முடித்தோம். அச்ச நிவர்த்திப் பிரிவை நகரத்துப் பள்ளிக்கூடங்கள் அனைத்துக்கும் விரிவுபடுத்துவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அனுமதி தொடங்கிவிட்டது. உங்கள் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பி வையுங்கள். கழகத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கே இல்லை.